கேளுங்க, சொல்றேன்: பூங்கா வைத்தது யார், காசு கொடுத்தது யார்?

போன இதழில் பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகையைப் பற்றி இரண்டே வரி எழுதினேன். லண்டனில் கண்ணாடியும் இரும்புமாக எழுப்பிய கிரிஸ்டல் பேலஸை மாதிரியாக வைத்து 1889ல் கட்ட ஆரம்பித்தது அது என்று சொன்னேன், அவ்வளவுதான். ஓசூரிலிருந்து அரூர் வரை கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. மாம்பழ விலை, ஜாதகம், சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த முறை பார்க்கலாம். இந்தத் தடவை முழுக்க வெள்ளைக்காரன் ஊர்ப் பூங்காதான்.

கல்லூரி மாணவி, பாலக்கோடு: சார், இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் பெரிய பார்க் இருக்கிறதே, அதெல்லாம் ராஜா ராணி மக்களுக்காகக் கொடுத்ததுதானே?

லண்டனில் சிலது ராஜா வீட்டுச் சொத்து என்பது சரிதான் அம்மா. ஆனால் கொடுத்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஹைட் பார்க் இருக்கும் இடம் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1536ல் எட்டாம் ஹென்றி அதை எடுத்துக்கொண்டார், எதற்கு என்றால் மான் வேட்டைக்கு. நூறு வருஷம் கழித்து 1637ல், முதலாம் சார்லஸ் காலத்தில்தான் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். ரீஜன்ட்ஸ் பார்க்கில் ஒரு பகுதியைத் திறந்துவிட 1835 வரை ஆயிற்று.

மற்ற ஊர்களில் ராஜாவும் கிடையாது, மான் காடும் கிடையாது. மான்செஸ்டர், டார்பி மாதிரி ஊர்களில் மில் வந்தது, கிராமத்து ஜனம் மொத்தமாக அங்கே போய் இறங்கியது. அதற்கு முன்பே மேய்ச்சல் நிலம், மந்தைவெளி என்று ஊருக்குப் பொதுவாகக் கிடந்ததையெல்லாம் சட்டம் போட்டு வேலி அடைத்துத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாரத்தில் ஆறு நாள் மில்லில் நின்றவன் ஏழாவது நாள் பெண்டாட்டி பிள்ளையோடு காலாற நடக்க ஒரு சாண் இடம் இல்லை. பணக்காரர் தெருக்களில் தோட்டம் இருந்தது, பூட்டு போட்டு, சாவி அந்தத் தெருக்காரர்கள் கையில். வாக்ஸ்ஹால் மாதிரி கேளிக்கைத் தோட்டங்களுக்குப் போகக் காசு வேண்டும்.

1831, 32ல் காலரா அந்த நாட்டுக்குள் முதல் முறையாக நுழைந்தது. நம் வங்காளப் பக்கமிருந்து கிளம்பிப் போன வாந்திபேதிதான். கெட்ட நாற்றத்தில், கெட்ட காற்றில்தான் நோய் பரவுகிறது என்று அன்றைய டாக்டர்களே நம்பினார்கள். அது தப்பு, தண்ணீரில் பரவுவது என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அந்தத் தப்பான நம்பிக்கையால் ஊருக்குள் மரம் வைக்க வேண்டும், திறந்தவெளி வேண்டும் என்று பேச்சு வந்தது. 1833ல் ராபர்ட் ஸ்லேனி என்ற எம்.பி. தலைமையில் பாராளுமன்றத்தில் ஒரு கமிட்டி உட்கார்ந்து, பொதுமக்கள் நடக்க எந்த ஊரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று விசாரித்தது. அந்த அறிக்கையில் எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. நடக்க இடம் இல்லாததால்தான் தொழிலாளி சாராயக் கடைக்குப் போகிறான், பூங்கா வைத்தால் குடும்பத்தோடு வருவான், நாலு பெரிய மனிதர்கள் எதிரே வருகிறார்களே என்று சட்டை துணி ஒழுங்காகப் போட்டுக்கொள்வான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கறையும் இருக்கிறது, வாத்தியார்த்தனமும் இருக்கிறது. பிரிட்டன் பூங்கா முழுக்க இந்த இரண்டும் சேர்ந்தேதான் வருகிறது, கவனித்துப் பாருங்கள்.

டிபன் கடைக்காரர், கிருஷ்ணகிரி அணை: நம்ம கே.ஆர்.பி. டேம் பார்க்குக்கு டிக்கெட் வாங்கித்தான் போகணும். ஃபாரின்ல பார்க் எல்லாம் ஃப்ரீன்னு பையன் சொல்றான். நிஜமா?

இன்றைக்கு நிஜம். ஆரம்பத்தில் அப்படி இல்லை, அந்தக் கதையே உங்கள் கேள்விக்குப் பொருத்தமானது.

டார்பி என்ற ஊரில் ஜோசப் ஸ்ட்ரட் என்று ஒரு துணி மில் முதலாளி, ஊருக்கு மேயராகவும் இருந்தவர். தன்னுடைய 11 ஏக்கர் நிலத்தைப் பூங்காவாக்கி ஊருக்குக் கொடுத்தார், 1840 செப்டம்பர் 16ல் திறப்பு. ஆர்போரேட்டம் என்று பெயர், அதாவது மரங்களுக்கான தோட்டம். வடிவமைத்தவர் ஜான் கிளாடியஸ் லவுடன், அந்தக் காலத்தில் தோட்டக்கலையில் பெரிய தலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகை மரம் செடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. அந்த மரத்தின் பெயர், எந்த நாட்டிலிருந்து வந்தது, சொந்த ஊரில் எவ்வளவு உயரம் வளரும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். மில்லில் வேலை செய்கிறவன் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று எண்ணம்.

லவுடன் இன்னொரு வேலையும் செய்தார். இடமோ வெறும் 11 ஏக்கர், தட்டைத் தரை, இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியும். மண்ணைக் கொட்டி நீள நீளமாக மேடு எழுப்பி, அதன் மேல் செடி வைத்து, பாதைகளை மேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளைத்து விட்டார். பக்கத்துப் பாதையில் கூட்டமே போனாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, சுற்றுச்சுவரும் தெரியாது. சின்ன இடம் பெரிய தோட்டமாகிவிட்டது. தட்டையான நிலத்தில் நாலு சிமென்ட் பெஞ்சும் ஒரு யானைச் சிலையும் வைத்து பூங்கா என்று போர்டு மாட்டும் நம் ஊர் காண்ட்ராக்டர்களுக்கு இந்த மேட்டு வேலையை யாராவது காட்டினால் புண்ணியமாகப் போகும்.

இப்போது டிக்கெட்டுக்கு வருகிறேன். ஸ்ட்ரட் நிலம் கொடுத்தார், மரம் கொடுத்தார், ஆனால் தினப்படி பராமரிப்புக்கென்று பணம் எதுவும் ஒதுக்கி வைக்கவில்லை. தோட்டக்காரன் சம்பளத்துக்கு எங்கே போவது? அதனால் வாரத்தில் இரண்டு நாள், ஞாயிறும் புதனும், இலவசம். மீதி ஐந்து நாளும் ஆறு பென்ஸ் கட்டணம். அன்றைய மாற்றுக் கணக்கில் கிட்டத்தட்ட நாலணா. மில் தொழிலாளிக்கு அது சின்னக் காசு இல்லை. முழுக்க இலவசம் ஆனது 1882ல்தான், நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது பாருங்கள். பூங்காவைத் திறக்க ஒரு நல்ல மனிதர் போதும். அடுத்த வருஷம் புல் வெட்டக் காசு யார் கொடுப்பது என்பதுதான் அங்கேயும் பிரச்சினை, இங்கேயும் பிரச்சினை. உங்கள் அணைப் பூங்கா டிக்கெட்டைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை, வாங்கும் காசு பூங்காவுக்குள்ளேயே செலவானால் சரி. ஒரு குடும்பம் யோசிக்காமல் உள்ளே போக வாரத்தில் ஒரு நாளாவது இலவசம் என்று வைக்கலாம். டார்பிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையே இலவசமாகத் திறந்துவிட்டார்கள், நாம் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வசூல் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

மனை வியாபாரம் செய்பவர், ஓசூர்: லேஅவுட் போட்டால் பத்து பர்சென்ட் பொது இடம் விடு, தானப் பத்திரம் எழுதிக் கொடு என்கிறார்கள். பூங்காவுக்கு விடும் இடம் எங்களுக்கு நஷ்டம்தானே அண்ணா?

நஷ்டம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். 1843லேயே அதை வைத்துக் காசு பார்க்கலாம் என்று கணக்குப் போட்ட ஊர் ஒன்று இருக்கிறது, பெர்க்கன்ஹெட். லிவர்பூலுக்கு எதிர்க்கரை, நடுவில் மெர்சி ஆறு. ஊரை நிர்வகித்த கமிஷனர்கள் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் வாங்கி, பொதுப் பணத்தில் 226 ஏக்கர் வாங்கினார்கள். சதுப்பு நிலம், சல்லிசு விலை. அதில் 125 ஏக்கரைப் பூங்காவுக்கு வைத்துவிட்டு, சுற்றி மிச்சமிருந்ததை வீட்டு மனைகளாகப் பிரித்து விற்பது என்று திட்டம். பூங்கா பார்த்த மனை என்றால் விலை ஏறும், அந்த லாபத்தில் பூங்காச் செலவை ஈடுகட்டலாம். நீங்கள் இன்று விளம்பரத்தில் 'பார்க் ஃபேஸிங்' என்று போட்டு சதுர அடிக்குக் கூட்டி விற்கிறீர்களே, அதேதான். சும்மா நஷ்டம் என்று சொல்லாதீர்கள்.

வடிவமைக்க ஜோசப் பாக்ஸ்டனைப் பிடித்தார்கள், கூட இருந்து வேலையை நடத்தியவர் எட்வர்ட் கெம்ப். சதுப்புத் தண்ணீரை வடித்து இரண்டு ஏரி தோண்டினார்கள். தோண்டிய மண்ணைத் தூக்கித் தூரப் போடாமல் அங்கேயே குன்றுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் நடந்தால் தண்ணீர் தீவுக்குப் பின்னால் வளைந்து போய்விடும், எங்கே முடிகிறது என்று தெரியாது. வண்டிகள் போக வெளிவட்டத்தில் ஒரு பாதை, நடப்பவர்களுக்கு உள்ளே தனிப் பாதை. 1847 ஏப்ரல் 5ல் திறந்தார்கள், அதே நாளில்தான் பக்கத்தில் கப்பல் துறையும் திறப்பு. ஊரே திருவிழா.

மனைகள் நினைத்த வேகத்தில் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் நீங்களே தேடிப் பிடித்து எனக்கு எழுதுவீர்கள். காகிதத்தில் வரைந்த பங்களாக்களில் கொஞ்சம்தான் கட்டப்பட்டது. ஆனால் பூங்கா நின்றுவிட்டது. 1850ல் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் என்ற அமெரிக்கர் கப்பலில் வந்து இறங்கி, அந்த ஊர் பேக்கரியில் பன் வாங்கியிருக்கிறார். எங்கள் ஊர்ப் புதுப் பூங்காவைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். போனவர் அசந்துவிட்டார். ஏழை பாழை எல்லாரும் பணக்காரனுக்குச் சமமாக உள்ளே நடக்கிறார்களே, எங்கள் நாட்டில் இப்படி ஒன்று இல்லையே என்று எழுதினார். எட்டு வருஷம் கழித்து நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்கு நடந்த போட்டியில், கால்வெர்ட் வாக்ஸோடு சேர்ந்து ஜெயித்த வரைபடம் அவருடையது. பன் கடைக்காரர் பெயர் யாருக்கும் தெரியாது.

அதனால் ஓசூர் அண்ணா, அந்தப் பத்து பர்சென்ட்டை லேஅவுட்டின் கடைசி மூலையில் பள்ளத்தைப் பார்த்து ஒதுக்காமல் நடுவில் விடுங்கள், இரண்டு புங்கமரமாவது வையுங்கள். நாலு வருஷத்தில் விலை சொல்லும்.

போட்டித் தேர்வு எழுதும் தம்பி, பர்கூர்: பாக்ஸ்டன் பெரிய இன்ஜினியரா? எங்கே படித்தார்?

விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, தோட்ட வேலைக்குப் போனவர். 23 வயதில் டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்துக்குத் தலைமைத் தோட்டக்காரர். பட்டம் கிட்டம் எதுவும் இல்லை. 1851 மகா கண்காட்சிக்கு ஹைட் பார்க்கில் எழுந்த கிரிஸ்டல் பேலஸ் அவர் வரைந்தது, பிறகு எம்.பி.யும் ஆனார். தேர்வில் கேட்டால் எழுதுங்கள்.

வழக்கறிஞர், தருமபுரி: தாமஸ் மன்றோ நம் ஊரிலேயே இருந்தவர் என்கிறார்கள். ஒரு பூங்காவாவது வைத்துவிட்டுப் போகக் கூடாதா?

1792ல் பாரமகால், அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம், கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் கைக்கு வந்ததும் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக மன்றோவும் இங்கே வந்தது நிலம் அளக்க, கிஸ்தி போட. அப்போது அவர்கள் சொந்த நாட்டிலேயே நகராட்சிப் பூங்கா என்ற ஒன்று பிறக்க இன்னும் நாற்பது ஐம்பது வருஷம் இருந்தது. வீட்டில் இல்லாததை இங்கே எப்படி வைப்பார்?

பருத்தி விவசாயி, அரூர்: இவ்வளவு மண் வேலை செய்திருக்கிறார்களே, கூலி யார் கொடுத்தது? நூறு நாள் வேலை மாதிரி அங்கேயும் உண்டா?

உண்டு ஐயா. நீங்கள் பருத்திக்காரர் என்பதால் இந்தக் கதை உங்களுக்கு நன்றாகப் புரியும். 1861ல் அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை வந்தது. தெற்கு மாகாணங்களின் துறைமுகங்களை வடக்குக்காரர்கள் அடைத்துவிட்டார்கள், பருத்தி வெளியே வரவில்லை. மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் வட்டார மில்களுக்கு அதுதான் சாப்பாடு, மில் மில்லாகச் சாத்தினார்கள், லட்சக்கணக்கான பேர் கஞ்சிக்கு நின்றார்கள். பருத்திப் பஞ்சம் என்றே அதற்குப் பெயர். இந்தியப் பருத்தியை வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள், சூரத் பருத்தி என்று மொத்தமாகச் சொல்வார்கள். இழை குட்டை, குப்பை அதிகம், நூல் அறுந்துகொண்டே இருக்கும், மில் ஆட்கள் அதைத் திட்டாத திட்டு இல்லை. இங்கே நம் ஆட்களுக்கு அந்த நாலு வருஷம் நல்ல விலை, சண்டை முடிந்ததும் தொப்பென்று விழுந்தது. பருத்தி விலைக்கு அன்றும் இதே குணம்தான்.

1863ல் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு உள்ளூர் நிர்வாகங்களுக்குக் கடன் கொடுத்தது. வேலையில்லாத மில் ஆட்களை வைத்துச் சாலை போடு, சாக்கடை வெட்டு, பூங்கா அமை என்று. ஓல்டம் ஊரின் அலெக்சாண்ட்ரா பார்க் அப்படி வந்தது, 1865ல் திறப்பு. பிரெஸ்டனில் அவென்ஹாம், மில்லர் என்று ஒட்டினாற்போல இரண்டு பூங்காக்கள், இரண்டிலும் அதே கைகள் வேலை செய்தன. நூல் முடிந்து பழகிய விரல்கள், மண்வெட்டி பிடித்ததே இல்லை. கொப்புளம் வந்திருக்கும், வேறென்ன. அடுத்த தடவை யாராவது வெள்ளைக்காரன் ஊர்ப் பூங்கா எவ்வளவு அழகு என்றால், அதில் ஒன்றிரண்டு பட்டினிக் கூலியில் எழுந்தது என்பதையும் சொல்லி வையுங்கள்.

பட்டதாரி இளைஞர், பென்னாகரம்: பார்க்கில் நாலு பேர் உட்கார்ந்து அரசியல் பேசினால் வாட்ச்மேன் விரட்டுகிறார். ஜனநாயகத்தின் தாய்நாடு என்கிறார்களே, அங்கேயும் இப்படியா?

அங்கே வாட்ச்மேன் இல்லை தம்பி, வேலி போட்டே விரட்டப் பார்த்தார்கள். தெற்கு லண்டனில் கென்னிங்டன் காமன் என்று ஒரு மந்தைவெளி. 1848 ஏப்ரல் 10ல் எல்லோருக்கும் ஓட்டுரிமை கேட்ட சார்ட்டிஸ்டுகள் அங்கே பெருங்கூட்டம் கூடினார்கள், அரசாங்கம் நடுங்கிப் போய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் காவலுக்கு நிறுத்தியது. நாலு வருஷத்தில் அந்த இடத்துக்குத் தனிச் சட்டம் வந்தது, வேலி அடைத்தார்கள், பாத்தி கட்டினார்கள், 1854ல் கென்னிங்டன் பார்க் என்று திறந்தார்கள். பூச்செடி வைத்தால் கூட்டம் போட முடியாது அல்லவா! அழகான யோசனை.

ஹைட் பார்க்கில் அது பலிக்கவில்லை. 1866 ஜூலை 23ல் ஓட்டுரிமைக்காக ரிஃபார்ம் லீக் என்ற சங்கம் கூட்டம் போட வந்தது. தடை போட்டு வாசலைச் சாத்தினார்கள். வெளியே நின்ற கூட்டம் இரும்புக் கம்பி வேலியைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது, வேலி வரிசையாகச் சாய்ந்துவிட்டது. 1872ல் பூங்காக்களில் பேசுவதை ஒழுங்குபடுத்த ஒரு சட்டமே வந்தது. ஹைட் பார்க்கின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ஸ்பீக்கர்ஸ் கார்னர் அந்தச் சண்டையில் கிடைத்ததுதான். இன்றும் ஞாயிற்றுக்கிழமை யாரும் ஸ்டூல் போட்டு ஏறிப் பேசலாம், கேட்கிறவர்கள் எதிர்க்கேள்வி போடலாம், போலீஸ் ஓரமாக நின்று பார்க்கும்.

கிழக்கு லண்டன் விக்டோரியா பார்க்கையும் சொல்ல வேண்டும். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பக்கம் அது. அந்தப் பக்கம் ஒரு பூங்கா வைத்தால் சாவு எண்ணிக்கை குறையும் என்று புள்ளிவிவர நிபுணர் வில்லியம் ஃபார் 1839ல் எழுதினார். மறு வருஷம் 30,000 பேர் கையெழுத்துப் போட்டு விக்டோரியா ராணிக்கு மனு கொடுத்தார்கள். ஊரின் மேற்கே யார்க் ஹவுஸ் என்ற மாளிகையின் குத்தகையை ஒரு பிரபுவுக்கு விற்று அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். 1845ல் வேலை முழுக்க முடியும் முன்பே ஜனங்கள் உள்ளே போய்விட்டார்கள், வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லாதவர்கள் விடியற்காலையில் ஏரியில் இறங்கிக் குளித்தார்கள். ஓட்டுரிமை, மதம், சோஷலிசம், எதைப் பற்றியும் அங்கே கூட்டம் நடக்கும். அங்கே பேசியவர்களில் ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவர், அன்னி பெசன்ட். அடையாறு, ஹோம் ரூல் எல்லாம் பிறகு. 1880களில் அவர் லண்டனில் தொழிலாளர்களுக்காகத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த சோஷலிஸ்ட், அந்தப் பூங்காவுக்குப் பக்கத்தில் 'போ' (Bow) என்ற பகுதியில் தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் 1888ல் வேலைநிறுத்தம் செய்தபோது கூட நின்றவர். உங்கள் வாட்ச்மேனிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். வேலை செய்யாவிட்டாலும் பத்து நிமிஷம் கூட உட்காரலாம்.

பூ விவசாயி, தளி: எங்கள் ஊரை வெள்ளைக்காரன் குட்டி இங்கிலாந்து என்றானாம். அப்படியானால் எங்கள் பக்கத்துச் செடி ஏதாவது அங்கே போயிருக்கிறதா?

தளியிலிருந்து போனதாகச் சொல்ல முடியாது, குளிரும் பச்சையும் பார்த்து வைத்த செல்லப் பெயர் அது. ஆனால் இந்தியச் செடிகளுக்காகவே ஒரு ஆள் புறப்பட்டு வந்தது உண்மை. பாக்ஸ்டனிடம் வேலை செய்த ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரர். 1835ல் டெவன்ஷயர் பிரபு அவரைக் கப்பலேற்றி அனுப்பினார், கல்கத்தா வந்து, காசி மலையில், அதாவது சிரபுஞ்சிப் பக்கம், கொட்டுகிற மழையில் ஆர்க்கிட் தேடி அலைந்து, 1837ல் பெட்டி பெட்டியாகச் செடியோடு திரும்பினார். பிறகு அவருக்கு லண்டன் பூங்காக்களில் வேலை. 1858ல் திறந்த பேட்டர்ஸீ பார்க்கில் 1864 வாக்கில் 'வெப்ப மண்டலத் தோட்டம்' ஒன்று போட்டார். பனை வகை, மரப் பெரணி, வாழை, கல்வாழை எல்லாம் கோடைக்கு மட்டும் வெளியே தரையில் நட்டு, குளிர் வரும் முன் எடுத்துக் கண்ணாடி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவது. லண்டன்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். எதை? நம் வீட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீரில் தானாக வளர்கிற வாழையையும் கல்வாழையையும்!

அதே காலத்தில் ஒரே உயரத்துக்குக் கத்தரித்த குட்டிச் செடிகளை நெருக்கி நட்டுக் கம்பளம் விரித்த மாதிரி பாத்தி போடும் மோகமும் வந்தது. எடின்பரோவில் 1903ல் பூச்செடிகளாலேயே கடிகாரம் செய்தார்கள், லால்பாக்கில் நீங்கள் நின்று போட்டோ எடுக்கும் பூக்கடிகாரம் அந்த வழிதான். லால்பாக்குக்கும் அங்கேயிருந்தே ஒரு கை வந்தது. ஜெர்மனியில் பிறந்து, ஹைட் பார்க்கில் பூப்பாத்தி அமைத்துப் பழகிய கிரும்பீகல் பரோடா வழியாக 1908ல் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார்.

எனக்கு இந்தக் கம்பளப் பாத்தியில் பெரிய ஈர்ப்பு கிடையாது. செலவு அதிகம், நிழல் பூஜ்யம். தளிக்காரர்கள் சண்டைக்கு வராதீர்கள், பூ விற்பது வேறு, பூவை வைத்து எழுத்து எழுதுவது வேறு.

மளிகைக் கடைக்காரர், காவேரிப்பட்டணம்: சென்னையில் வெள்ளைக்காரன் வைத்த பீப்பிள்ஸ் பார்க் எங்கே போயிற்று?

சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நீங்கள் மிதிப்பது பாதி அதுதான். கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் 1859ல் ஆரம்பித்தது, 116 ஏக்கர், குளங்கள், சாரட்டு ஓடப் பாதைகள், பிறகு மிருகக்காட்சி சாலை. அப்புறம் ஒவ்வொருவராகக் கடித்துக்கொண்டார்கள். விக்டோரியா பப்ளிக் ஹால் ஒரு துண்டு, மூர் மார்க்கெட் ஒரு துண்டு, 1913ல் ரிப்பன் மாளிகை, பிறகு ஸ்டேடியம். மிருகங்கள் 1985ல் வண்டலூருக்குக் குடிபோயின. மை லேடீஸ் தோட்டம் என்று ஒரு சின்னத் துண்டு மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. காலி இடம் என்று நினைத்துவிட்டால் பூங்காவுக்கு அந்த கதிதான். தருமபுரியில் ஏரிக்கரைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அரசு ஊழியர், ஊத்தங்கரை: இன்றைக்கு அந்தப் பூங்காக்கள் எப்படி இருக்கின்றன? அங்கே எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கும்?

அப்படி நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பூங்கா வேலிக் கம்பிகளை யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று அறுத்துக்கொண்டு போனார்கள். புல்வெளியை உழுது உருளைக்கிழங்கு போட்டார்கள், ஹைட் பார்க்கில் பன்றி வளர்த்தார்கள். டார்பி பூங்காவில் இருந்த காட்டுப்பன்றிச் சிலைக்கு 1941 குண்டுவீச்சில் தலை போய்விட்டது, 2005ல்தான் புதுச் சிலை வைத்தார்கள். போர் முடிந்தும் பழைய மவுசு திரும்பவில்லை. 1970களில் நகராட்சிகளை மாற்றியமைத்தபோது பூங்காவுக்கென்று இருந்த தனி இலாகாக்களை விளையாட்டு, பொழுதுபோக்கு இலாகாக்களோடு கலந்தார்கள். 1988ல் வந்த சட்டப்படி பராமரிப்பை டெண்டருக்கு விட வேண்டியதாயிற்று, குறைந்த விலைக்கு எடுத்தவன் வந்தான். ஒரே பூங்காவில் இருபது வருஷம் இருந்து எந்த மரம் எப்போது பூக்கும் என்று தெரிந்த ஆள் போய், வண்டியில் வந்து புல் வெட்டிவிட்டு அடுத்த பூங்காவுக்கு ஓடும் கோஷ்டி வந்தது. பேண்டு வாசிக்கும் மண்டபங்கள் கூரை இழந்தன, கழிப்பறை பூட்டியே கிடந்தது. நமக்குப் பழகிய காட்சிதான்.

1996லிருந்து லாட்டரிப் பணத்தை எடுத்து நூற்றுக்கணக்கான பழைய பூங்காக்களைப் பழுது பார்த்தார்கள். ஆமாம், லாட்டரி, அங்கே தேசிய லாட்டரி வருமானத்தில் ஒரு பங்கு பாரம்பரியச் சின்னங்களுக்குப் போகிறது. டார்பி, பெர்க்கன்ஹெட் எல்லாம் அப்படித்தான் தலை நிமிர்ந்தன. 2016 கணக்கில் பிரிட்டன் முழுக்கச் சுமார் 27,000 பூங்காக்கள். ஆனால் ஒரு வேடிக்கை, இன்றுவரை பூங்காவைப் பராமரித்தே தீர வேண்டும் என்று நகராட்சியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அங்கே கிடையாது. குப்பை அள்ளியாக வேண்டும், முதியோரைப் பார்த்தாக வேண்டும், பூங்கா மட்டும் விருப்பம். பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதல் கத்தரி எங்கே விழும் என்று அரசு ஊழியரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இல்லத்தரசி, காரிமங்கலம்: என் மகன் மான்செஸ்டரில் வேலையில் இருக்கிறான், மே மாதம் போகிறேன். நீங்கள் சொல்வதில் எதைப் பார்க்கலாம் தம்பி?

நல்ல மாதம் அக்கா. பக்கத்திலேயே சால்ஃபோர்டில் பீல் பார்க் இருக்கிறது, 1846 ஆகஸ்ட் 22ல் மான்செஸ்டர் பக்கம் ஒரே நாளில் திறந்த மூன்று பூங்காக்களில் ஒன்று. ஊர் மக்கள் வசூல் போட்டுச் சேர்த்த பணம், பிரதமராக இருந்த ராபர்ட் பீல் ஆயிரம் பவுண்டு கொடுத்ததால் அவர் பெயர். அது ஒரு மாலை வேலை. ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடிந்தால் பெர்க்கன்ஹெட் போங்கள். ரயிலில் லிவர்பூல் போய், ஆற்றுக்கு அடியில் போகும் உள்ளூர் ரயிலில் மாறினால், பெர்க்கன்ஹெட் பார்க் என்றே ஸ்டேஷன் இருக்கிறது. ஏரிக்கரையில் ரோமானியக் கோயில் மாதிரி ஒரு படகுக் கொட்டகை, தண்ணீர் மேல் கூரை வைத்த மரப்பாலம், இரண்டையும் விடாதீர்கள். டிக்கெட் கிடையாது. புளிசாதம் கட்டிக்கொண்டு போய்ப் புல்லில் உட்கார்ந்தே சாப்பிடலாம், யாரும் விரட்ட மாட்டார்கள், வாத்துகள்தான் தொந்தரவு செய்யும். குடையை நம்ப வேண்டாம், ஆற்றுக் காற்றில் திரும்பிக்கொள்ளும். தொப்பி வைத்த மழைக் கோட்டு ஒன்றை மகனிடம் வாங்கி வைக்கச் சொல்லிவிடுங்கள்.